பளபளப்பை நம்பாதீர்கள்



வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக பஸ்ஸில் வந்து இங்கே படித்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் ஆர்க் வெல்டிங்கில் இணைத்தேன். எடையும் குறையணும், சூடும் தாங்கணும் என்றால் இரண்டும் வேண்டும். பற்றவைப்பு பளபளவென்று இருந்தது. வளைத்துப் பார்க்காமலே "சரி" என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மேஜையிலிருந்து விழுந்து, கண்ணாடி மாதிரி உடைந்தது.

காரணம் இதுதான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி வேண்டும். இரண்டும் உருகிக் கலந்தால், எளிதில் நொறுங்கும் டைட்டானியம் அலுமினைடு உண்டாகிறது. ஆகவே உருக்காமல் இணைப்பதே நல்லது. ஒன்றைச் சுழற்றி மற்றதன்மேல் அழுத்துவது உராய்வு வெல்டிங். சூடு சில நொடிதான். அலுமினைடு தடிக்க நேரமிருக்காது. வெடிமருந்தின் வேகத்தில் தகடுகளை மோதவிட்டும் இணைக்கலாம். இதையெல்லாம் கற்க வெளிநாடு போக வேண்டாம். திருச்சி பெல்லில் 1975-லேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது.

அன்று என் மேலதிகாரி திட்டவில்லை. "கையெழுத்துப் போடுமுன்னே நீயே உடைச்சுப் பாரு தம்பி" என்றார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். தம்பி தங்கைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.