நல்ல மனசு இருந்தால் மட்டும் போதுமா?
(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

"புள்ள பாஸ் பண்ணிட்டா. இனி என்னத்தப் படிக்க வைக்கிறது?" என்று பல பெற்றோர் எங்களிடம் கேட்கிறீர்கள். டீச்சர் வேலை நமக்குத் தெரியும். நர்ஸ் வேலையும் தெரியும். நாம் அதிகம் கேள்விப்படாத இன்னொரு படிப்பும் இருக்கிறது. அதற்குச் சமூகப் பணி என்று பெயர். கஷ்டத்தில் இருக்கும் மனிதருக்கு முறையாக உதவி செய்யக் கற்றுத் தரும் படிப்பு அது.

"உதவி செய்யிறதுக்கு ஒரு படிப்பா?" என்று நீங்கள் சிரிக்கலாம். கவ்வாத்தை எண்ணிப் பாருங்கள். கத்தி பிடிக்க எல்லோருக்கும் கை இருக்கிறது. ஆனால் எந்த வாதை வெட்டுவது, எதை விடுவது என்று பழகினவருக்குத்தான் தெரியும். வெட்டுப் பிசகினால் செடி பட்டுப்போகும். மனிதர் விஷயமும் அப்படித்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறோம். குடித்துவிட்டு வந்து புருஷன் அடிக்கிறான். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் நல்ல மனதோடுதான், "பொறுத்துப் போம்மா" என்கிறார்கள். படித்த சமூகப் பணியாளர் அப்படிச் சொல்லமாட்டார். இன்றிரவு தாயும் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பார்களா என்றுதான் முதலில் பார்ப்பார். குறுக்கே பேசாமல் கேட்பார். வீட்டு வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டில் சட்டம் வந்திருப்பதையும், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் எடுத்துச் சொல்வார். முடிவை அந்தத் தாயிடமே விடுவார். கேட்டதை வெளியே சொல்லமாட்டார். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் நம்முடைய லயத்தில், இந்த இரகசியம் காத்தல் எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் படிப்பில் மூன்று முறைகளைக் கற்பிக்கிறார்கள். தனி ஆளோடும் குடும்பத்தோடும் வேலை செய்வது ஒன்று. குழுவோடு வேலை செய்வது இரண்டாவது. முழுச் சமூகத்தோடும் வேலை செய்வது மூன்றாவது. இவற்றோடு உளவியலும் சட்டமும் உண்டு. புத்தகப் படிப்பு மட்டும் போதாது. மாணவர்கள் களத்துக்கும் போய், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பயிற்சி பெறவேண்டும்.

நமது நாட்டில் இந்தப் பயிற்சி 1952ஆம் ஆண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. 1992ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 2005இல் பட்டப்படிப்பையும் தொடங்கியது. டிப்ளோமாவும் அங்கே உண்டு. என்ன தகுதி வேண்டும், எந்த மொழியில் படிக்கலாம் என்பதை விண்ணப்பம் கோரும்போது கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படித்தால் என்ன வேலை? பிரதேச செயலகங்களில் சமூக சேவை, சிறுவர் உரிமை, மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நன்னடத்தைப் பிரிவு இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் ஆட்களை எடுக்கின்றன. படித்த மறுநாளே அரசாங்க வேலை வரும் என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். பரீட்சையும் உண்டு, காத்திருப்பும் உண்டு. ஆனாலும் இந்த இடங்களுக்கு நமது பிள்ளைகள் போகத்தான் வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டு முதல் தமிழும் அரசகரும மொழி. இருந்தும் ஒரு அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல், ஒரு தாய் மூன்று பேரிடம் கொண்டுபோய்க் காட்டியதை நாங்கள் பார்த்தோம். கடைசியில் வரச் சொன்ன தேதி தவறிப்போனது. அரை நாள் பேரை விட்டு அவர் போனதும் வீணானது. மேசைக்கு அந்தப்பக்கம் லயத்து வாழ்க்கை தெரிந்த ஒருவர் இருந்திருந்தால், அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறோம். முதலாவது, பரீட்சை எழுதிய பிள்ளையைப் பெறுபேறு வருமுன் கொழும்புக்குக் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடாதீர்கள். கையில் வரும் காசு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அப்படிப் போன பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தொடுவது அபூர்வம். இரண்டாவது, "பொம்பளப் புள்ள, தூரம் அனுப்ப ஏலாது" என்று உடனே மறுக்காதீர்கள். தங்குமிடம் எது, யார் பொறுப்பு என்று எங்களிடம் கேளுங்கள். சேர்ந்து விசாரிப்போம்.

தம்பி தங்கைமாரே, பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பிறகு அலையவேண்டி வரும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் விடாமல் படியுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் பின்னேரம் வேலை முடிந்ததும் எங்கள் அறைக்கு வாருங்கள். உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.