தேடு சொல்லும் விற்பனையும்



விளைபொருளை மாவாகவும் அவலாகவும் வெல்லமாகவும் பக்குவம் செய்து, பையிலடைத்து, இணையக் கடையின் மூலம் தொலைதூரத்து வாடிக்கைக்காரருக்கு நேரே விற்கும் முயற்சியில் இன்று பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் இறங்கியுள்ளன. பொருள் நன்றாக இருக்கிறது, விலையும் நியாயமானது, படமும் எடுத்துப் போட்டாயிற்று. ஆயினும் கேட்பாரில்லை என்ற குறை பல இடங்களில் எழுகின்றது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் செலவின்றித் திருத்தக்கூடிய ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். வாங்குபவர் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுகிறாரோ, அந்தச் சொல் நம்முடைய விற்பனைப் பக்கத்தில் இல்லை என்பதே அது.

சந்தைக்கு வருகிறவர் குவியலைக் கண்ணால் காண்கிறார். கையில் அள்ளிப் பார்க்கிறார். பெயர் தெரியாவிட்டாலும் விரலால் சுட்டி விலை கேட்கிறார். இணையக் கடையில் சுட்டுவதற்கு விரல் இல்லை. தேடுபெட்டியில் எழுதும் சொல்தான் விரல். தேடுபொறியானது பக்கங்களை முன்னதாகவே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று, புத்தகத்தின் கடைசியில் காணும் பொருளகராதியைப் போலக் குறித்து வைத்துக்கொள்கிறது. கூகுள் போன்ற பெரிய தேடுபொறிகள் ஒரு பொருளுக்குரிய வேறு பெயர்களையும் ஓரளவு அறிந்துள்ளன. சிறிய கடைகளின் தேடுபெட்டிக்கு அந்த அறிவு பெரும்பாலும் இல்லை. எழுதிய சொல் இருந்தால் பக்கம் வரும், இல்லாவிட்டால் வராது.

கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். சில மாவட்டங்களில் அது கேப்பை, நகரத்தில் ராகி, மராட்டியர் நாச்சனி என்பர், உத்தரகண்டில் மண்டுவா. ஆங்கிலம் பழகியவர்கள் ஃபிங்கர் மில்லட் என்று தேடுகிறார்கள். நாம் "கேப்பை மாவு" என்று மட்டும் எழுதி வைத்தால், பெங்களூரில் ராகி தேடும் குடும்பத்திற்கு நாம் இருப்பதே தெரியாது. ஆகவே தலைப்பில் "கேழ்வரகு மாவு (ராகி மாவு), 1 கிலோ" என்று இரு பெயரையும் எழுதி, மற்றப் பெயர்களை விளக்கத்தில் ஒரு வாக்கியமாக அமைத்தல் நலம். நம் பெண்கள் அரைக்கும் சத்துமாவை நகரத்தார் ஹெல்த் மிக்ஸ் என்றே தேடுவதும் இத்தகையதே. நம் பெயரை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர் பெயரையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்கிறோம்.

பெயர்களைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகிய மூன்றும் ஒலியில் நெருங்கியவை, தானியத்தால் வெவ்வேறானவை. இதைவிட நுட்பமான சிக்கல் சாமையில் இருக்கிறது. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்திற்குத் தேடப்படும் "சமா அரிசி" பெரும்பாலும் நம்முடைய குதிரைவாலியே. நம் சாமைக்கு இந்தியில் குட்கி என்று பெயர். ஒலியை நம்பிச் சாமையின் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதினால், விரதத்திற்கு வாங்கியவர் திருப்பி அனுப்புவார். போக்குவரத்துச் செலவு இருமுறையும் நம் தலையில் விழும். குதிரைவாலி வைத்திருப்பவருக்கோ, அதே சொல் விரத காலத்தில் நல்ல விற்பனையைத் தரும்.

சரியான சொல்லை எங்கே கண்டெடுப்பது? முதலாவதாக, தொலைபேசியில் கேட்பவர்கள் பொருளை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத் திருத்தாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிவையுங்கள். பிறகு தேடுபெட்டியில் "கம்பு" என்று எழுதி நிறுத்துங்கள். மற்றவர்கள் தேடிய சொற்றொடர்கள் கீழே வரிசையாக வரும். கூகுள் டிரெண்ட்ஸ் என்னும் இலவச வசதியில் இரண்டு சொற்களை ஒப்பிட்டு, எந்த மாநிலத்தில் எது மிகுதியாகத் தேடப்படுகிறது, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று காணலாம். ஆடி மாதக் கூழுக்கு மாவு விற்க எண்ணுபவர், பக்கத்தை ஆடியில் எழுதினால் காலம் கடந்துவிடும். ஆனி பிறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். நம் கடையின் தேடுபெட்டியிலேயே பிறர் எழுதி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலையும் கடை நடத்துபவர் எடுத்துத் தர இயலும். இந்தக் கடைசிப் பட்டியலைப் போல் பயனுள்ளது வேறில்லை என்பது நம் கருத்து.

ஒற்றைச் சொல்லில் போட்டி மிகுதி. "அரிசி" என்று தேடினால் பெருங்கடைகளே முன்னே நிற்கும். "மாப்பிள்ளைச் சம்பா அவல் அரைக் கிலோ" என்று தேடுபவர் சிலரே; ஆனால் அவர் வாங்க வந்தவர். "கம்பின் பயன்கள்" என்று தேடுபவர் படிக்க வந்தவர். "கம்பு மாவு விலை" என்று தேடுபவர் பணத்துடன் வந்தவர். விற்பனைப் பக்கத்தில் பின்னவருடைய சொல் இருக்கட்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஏராளம் என்பதால், கருப்பட்டி போன்ற சொற்களுக்கு அவ்வாறு வழங்கும் எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை சேர்ப்பது தகும்.

ஒருமுறை என்றோம். ஒரே சொல்லை இருபது தடவை எழுதுவதாலோ, கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளை எழுத்தில் ஒளிப்பதாலோ பக்கம் முன்னே வந்துவிடாது. கூகுள் இதை மோசடி வகையில் சேர்த்துப் பக்கத்தைப் பின்னே தள்ளும். பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதப்படும் தேடு சொற் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குத் தாம் கொள்வதில்லை என்று அந்நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே தெரிவித்துவிட்டது. அப்பட்டியலை எழுதித் தருவதாகப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். தலைப்பு, விளக்கம், படத்திற்கான குறிப்பு ஆகிய மூன்றுமே நல்ல இடங்கள்.

இனி, எவ்வளவு தேடப்பட்டாலும் நாம் எடுக்கக்கூடாத சொற்கள் சில உள. 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, "ஆர்கானிக்" என்று கூறிக் கடைகளில் விற்கும் உணவுப்பொருளுக்குத் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்றோ, பங்கேற்பு உத்தரவாத முறையின் சான்றோ வேண்டும். தொழு உரம் இட்டதை "தொழு உரமிட்டு விளைந்தது" என்றே எழுதலாம். அது உண்மையும் ஆகும். ஈரோடு மஞ்சள் 2019-இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்பெயர்கள் அந்தந்த எல்லையில் உற்பத்தி செய்வோருக்கு உரியவை. வேற்றூர்க் கருப்பட்டியை அப்பெயரால் விற்பது சட்டத்திற்குப் புறம்பானது. பனையேறி உழைக்கும் அவ்வூரார் ஈட்டிய நற்பெயரைப் பறிப்பதும் ஆகும். வேற்றூரில் காய்ச்சுபவர் "பனங்கருப்பட்டி", "பனைவெல்லம்" என்ற பொதுப்பெயர்களுடன் தம் ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதலாமே! அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரில் விளையும், செய்யப்படும் பொருள்களுக்கு வழங்கும் பெயர்களையெல்லாம் மூத்தவர்களிடமும் வெளியூரில் வாழும் பிள்ளைகளிடமும் கேட்டு ஒரே பட்டியலாக்கிக் குழுக்களுக்குக் கொடுங்கள். பட்டியலுடன் வருபவர்களுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதிக் காட்ட, இக்கூட்டம் முடிந்த பின்னும் நாம் இங்கேயே இருப்போம்.