ஒரு பேரெண்ணும் அதன் பகுப்பும்



கணக்கு என்றவுடன் அஞ்சி ஒதுங்குவோர் நம்மிடையே பலர். அவ்வச்சம் நீங்க, ஒரே ஓர் எண்ணை எடுத்து ஆராய்வோம். 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297 என்பது அவ்வெண்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணைப் பகா எண் என்கிறோம். இரண்டில் தொடங்கி, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கிச் சென்றால் 2, 4, 16, 256, 65,536 எனக் கிடைக்கும். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும். இவ்வைந்தும் பகா எண்களே. இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்களையே தரும் என்று தாம் நம்புவதாகப் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதற்கான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வரிசையில் ஆறாவதாக வருவதே நாம் எடுத்துக்கொண்ட எண்.

92 ஆண்டுகள் சென்றன. 1732-இல் ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆய்லர் என்னும் 25 வயது இளைஞர், இவ்வெண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். ஈவு 67,00,417.

நாமே சரிபார்ப்போம். 67,00,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 402,02,50,200. 40-ஆல் பெருக்கினால் 26,80,16,680. இவற்றோடு 67,00,417-ஐயும் கூட்டுங்கள். 429,49,67,297 வந்து நிற்கும். தாளும் எழுதுகோலும் போதும். எவருடைய சான்றிதழும் வேண்டியதில்லை.

641 எவ்வாறு அகப்பட்டது? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் அது 116-ஆவதாகத்தான் வரும். ஆனால், இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும் அதனை 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லரே பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருவன. முதல் நான்கும் பயன்தரவில்லை, ஐந்தாவது வகுத்துவிட்டது. 116 முயற்சிகளை ஐந்தாகச் சுருக்கியது முறையான சிந்தனையே.

இளைஞர்களே, ஐந்து இடங்களில் மெய்யானது ஆறாவது இடத்தில் பொய்த்தது. ஆகவே, சில எடுத்துக்காட்டுகள் நிறுவலாகா. பெர்மாவின் பெரும்புகழும் அவர் கூற்றைக் காக்கவில்லை. சொன்னவர் எக்குடியினர், எவ்வளவு புகழுடையவர் என்று எண் கேட்பதில்லை. கணக்குச் சரியா என்பதே அதன் கேள்வி. அவ்வுரிமை நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு. பாடநூலாயினும் பெரியோர் சொல்லாயினும் சரிபார்த்தே ஏற்போம்.

இன்றுவரை இவ்வரிசையில் 65,537-க்குப் பின் ஒரு பகா எண்ணும் கண்டறியப்படவில்லை. இனி ஒன்றும் இல்லையென எவரும் நிறுவவுமில்லை. அவ்வினா விடைக்குக் காத்திருக்கிறது. நம் பிள்ளைகளுள் ஒருவர் அதனைக் கையிலெடுக்கட்டும்.