காற்றுக்கு விலை இல்லை, கடனுக்குத்தான் விலை!

(நம் கட்சியின் சுற்றுச்சூழல் அணி நடத்திய இணையவழிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுமையாகப் படியுங்கள், தோழர்களிடம் கொண்டு சேருங்கள்.)



காலநிலை மாற்றம் என்று சொன்னாலே, "அது விஞ்ஞானிகள் பேசுற விஷயம், நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்காங்க. அவர்களிடம் ஒரே ஒரு தேதியைச் சொல்லுங்க. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன பயணிகளை நாடே பார்த்தது. உப்பளம் போச்சு, வாழை போச்சு, ஆடு மாடு போச்சு.

காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். இது பள்ளிப் பாடத்தில் உள்ள இயற்பியல். ஒவ்வொரு மழைக்கும் இதுதான் ஒரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சூடான கடல், கொட்டுகிற மழையை இன்னும் கனமாக்குகிறது. அந்தச் சூட்டுக்கு உலகம் முழுக்க எரிக்கப்படும் நிலக்கரி பெரிய காரணம். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை.

நம்ம வீட்டு விளக்குக்கு நிலக்கரி எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒடிசா மாநிலம் தால்சேரில் வெட்டுறாங்க. ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டு போறாங்க. அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருது. பிறகு எரிக்கிறோம், சாம்பலைக் கொட்டுகிறோம். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இறால் பிடித்து வாழ்ந்த மீனவர்களைக் கேளுங்க, அந்தச் சாம்பல் என்ன செய்ததென்று சொல்வார்கள். ஒவ்வொரு நாளும் வாங்கணும், ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கணும், ஒவ்வொரு நாளும் காசு கொடுக்கணும்.

காற்றும் வெயிலும் அப்படி இல்லை. யாருக்கும் பில் அனுப்பாது. அப்படின்னா மின்சாரம் இலவசமா கிடைக்கணுமே, ஏன் கிடைக்கல? இன்றைய பேச்சில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இதற்கான பதிலைத்தான்.

காற்றாலையிலும் சூரிய மின்நிலையத்திலும் செலவு கிட்டத்தட்ட மொத்தமும் முதல் நாளிலேயே வந்துவிடும். இயந்திரம், கோபுரம், நிலம், கம்பி எல்லாம் முன்பணம். அந்தப் பணம் பெரும்பாலும் கடன். ஆகவே மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பதில் வட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1 கோடி ரூபாய் கடன், 20 ஆண்டுகளில் சமத் தவணையாகத் திருப்ப வேண்டும். வட்டி 6 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 72 ஆயிரம் கட்டணும். வட்டி 12 சதவீதம் என்றால் சுமார் 13 லட்சத்து 39 ஆயிரம். அதே காற்று, அதே இயந்திரம், அதே மின்சாரம். ஆனால் தவணை ஒன்றரை மடங்கு!

இப்போ புரியுதா? நிலக்கரி மின்சாரத்துக்குச் சுரங்கமும் கப்பலும் வேணும். தூய மின்சாரத்துக்கு மலிவான முதலீடு வேணும். யாருக்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்குதோ, நாளைய மின்சாரம் அவங்க கையில். அதனால்தான் இதை நாம் அரசியல் கேள்வி என்கிறோம்.

உலக அளவிலும் இதே கதைதான். 2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் ஒரு வாக்குறுதி கொடுத்தன: 2020க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். அந்த இலக்கை எட்டியதாகக் கணக்குக் காட்டியதே 2022இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். ஒப்புக்கொண்டதோ 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. நூறு ஆண்டுகளுக்கு மேல் புகையைக் கக்கியவர்கள் ஒருபக்கம், வெள்ளத்தில் நிற்பவர்கள் மறுபக்கம். இதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அவங்க தரட்டும் என்று கை கட்டி நிற்கவும் முடியாது. நம்மிடம் என்ன இருக்கு, பார்ப்போம்.

நம்மிடம் காற்று இருக்கு! மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு இடைவெளிகள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல்கள் வழியாகப் பாய்ந்து வருது. 1986லேயே தூத்துக்குடி அருகே 55 கிலோவாட் காற்றாலைகளை நிறுவி இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவராக நின்றது தமிழ்நாடு. இன்று முப்பந்தல் வட்டாரம் உலகம் அறிந்த காற்றாலைப் பகுதி. மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றாற்றலுக்கான தேசிய நிறுவனமே சென்னையில்தான் இருக்கு.

ஆனால் 2023இல் குஜராத் நம்மை முந்திவிட்டது. ஏன்?

முதல் காரணம், நல்ல காற்று வீசும் இடங்களை எல்லாம் பழைய சிறிய இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. 250 கிலோவாட், 500 கிலோவாட், உயரமும் குறைவு. இன்றைய இயந்திரம் ஒன்றே 2,000, 3,000 கிலோவாட் தரும், நூறு மீட்டருக்கு மேல் நிற்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும், உயரம் போகப் போக வேகமும் கூடும். அப்படியென்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நட்டால் அதே நிலத்தில் பல மடங்கு மின்சாரம். இதற்காக 2024இல் மாநில அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்லது. ஆனால் ஒன்றிரண்டு ஆலை வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்குக் கடன் எங்கே? அவங்க கூட்டுறவாகச் சேர வழி எங்கே? அது இல்லாவிட்டால் பெரும் பணம் உள்ளவர்கள் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், கம்பி. காற்று அடிக்கிற நேரத்தில் மின்தடத்தில் இடமில்லை என்றால் ஆலையை நிறுத்தச் சொல்லணும். வீசின காற்று திரும்பி வருமா? 2024இல் மின்வாரியத்தின் உற்பத்தி, விநியோகப் பணிகளைப் பிரித்துத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தை உருவாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறினால் போதாது, கம்பியிலும் துணைமின் நிலையத்திலும் பணம் இறங்கணும்.

மூன்றாவது, சேமிப்பு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் வெயில் கைகொடுக்கும். இரவு ஏழு மணிக்கு மேல்? இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு விடை உண்டு. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களிலேயே வந்துவிட்டது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது கீழே இறக்கு. இவ்வளவுதான் தத்துவம். அதன்பின் நீலகிரியில் குந்தா திட்டத்தை முடிக்கவே எவ்வளவு காலம் இழுக்கிறது, பாருங்க! இதோடு துணைமின் நிலையங்களில் பேட்டரி சேமிப்பும் வேண்டும்.

"தூய மின்சாரம் விலை அதிகம்" என்று இன்னமும் சிலர் சொல்றாங்க. 2010 வாக்கில் சூரிய மின்சாரம் யூனிட் 17 ரூபாய்க்கும் மேல். 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு! அரசு கொள்கை வகுத்துச் சந்தையை உருவாக்கினால் விலை எப்படி விழும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தோழர்களே, முதலீடு வரணும் என்று சொல்லும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடணும். 'பசுமை' என்று பெயர் வைத்தால் எதையும் செய்யலாம் என்பதை நம் கட்சி ஏற்காது. மேய்ச்சல் நிலத்தை வளைத்துப் பேனல் போட்டால் ஆடு மேய்ப்பவர் எங்கே போவார்? கடல் காற்றாலைக்கு 2024 ஜூனில் ஒன்றிய அரசு 7,453 கோடி ரூபாய் ஆதரவு நிதி ஒதுக்கியது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட். வரவேற்கிறோம். ஆனால் மன்னார் வளைகுடா மீனவர்களின் வலை போகும் பாதையைக் கேட்காமல் அங்கே ஒரு தூண்கூட நடக்கூடாது. நெய்வேலிக்கு வீடும் நிலமும் கொடுத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் வேலைக்குப் போராடுகிறார்கள். அந்தக் கதை காற்றிலும் வெயிலிலும் திரும்ப நடக்க விடக்கூடாது.

வீட்டுக்கூரைக்கு வருவோம். ஒன்றிய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, வங்கிக் கடனும் உண்டு. சொந்த மாடி வைத்திருப்பவர்கள் கட்டாயம் பயன்படுத்துங்க. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்? ஓட்டு வீடு? வாரியக் குடியிருப்பில் நாலாவது மாடியில் இருக்கும் அக்கா? அவங்களுக்குக் கூரையே சொந்தமில்லை. மானியம் மாடி இருப்பவருக்கு மட்டும் போனால் அது நீதியல்ல.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. கூட்டுறவு வங்கிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகத் தூய மின்சாரத்துக்கு 6 சதவீதத்துக்கு மிகாத வட்டியில் கடன். வட்டிச் சுமையின் ஒரு பகுதியை அரசே ஏற்கணும்.

2. கூரை இல்லாதவர்களுக்காக ஊர்தோறும் பொதுச் சூரிய மின்நிலையம். அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு, அந்தப் பங்குக்கு மின்கட்டணத்தில் கழிவு.

3. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கச் சிறு உரிமையாளர்களுக்குத் தனி நிதி. கம்பியும் சேமிப்பும் பொதுத்துறை முதலீட்டிலேயே வரணும்.

4. நிலம், கடல் எதுவானாலும் கிராமசபையும் மீனவர் கூட்டமும் ஒப்புக்கொண்ட பிறகே திட்டம். வருமானத்தில் ஊராட்சிக்கு நிலையான பங்கு.

5. அனல்மின் நிலையத் தொழிலாளர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட, வேலை உத்தரவாதத்தோடு மறுபயிற்சி. பிள்ளைப்பாக்கத்திலும் கங்கைகொண்டானிலும் பேனல் தொழிற்சாலைகள் வந்திருக்கு. அந்த வேலைகளுக்கு ஐடிஐ படித்த நம் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தணும்.

நீங்க என்ன செய்யலாம்? அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று, "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம் இவற்றின் மாடியில் பேனல் எப்போ?" என்று கேளுங்க. தீர்மானமாக எழுத வையுங்க. நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்க. மனுவின் நகலை மாவட்ட அணிப் பொறுப்பாளருக்கு அனுப்புங்க. நூறு ஊர்களிலிருந்து நூறு தீர்மானங்கள் வந்தால், தலைமைச் செயலகத்தில் அதைக் குப்பையில் போட முடியாது.

காற்று வீசிக்கொண்டேதான் இருக்கும், வெயில் அடித்துக்கொண்டேதான் இருக்கும். அதில் வரும் வருமானம் ஒரு சிலர் பெட்டிக்குப் போகுமா, ஊருக்கு வருமா என்பதை நாம்தான் முடிவு செய்யணும்.

காற்றும் நமதே! வெயிலும் நமதே! அதன் பயனும் நமதே!



#காற்றும்_நமதே #தூய_மின்சாரம்_மக்கள்_உரிமை