பார்க்கிங்கில் ஓடும் குட்டி ரேஸ் கார்கள்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பழகியவன் நான், நேரத்துக்குள் கணக்கை முடித்துவிடுவேன்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. வளாகத்துக்குள் எங்கேயும் ரிமோட் கார் ஓட்டக் கூடாது என்கிறது அது. அதை நான் எதிர்க்கிறேன். ஆனால் ஓட்டுகிற பிள்ளைகள் உடனே கைதட்ட வேண்டாம், உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் அது என்ன வண்டி என்று பாருங்கள். திருவிழாக் கடையில் வாங்கி, மறுநாள் சக்கரம் கழன்று பரணுக்குப் போகிற பொம்மை இல்லை இது. எல்லாப் பாகமும் திருகாணியில் கழற்றி மாட்டும்படி இருக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஊற்றுகிறார்கள், பல்சக்கரம் மாற்றுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த வண்டி சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது அதற்குச் சாதாரணம். அந்த எடை அந்த வேகத்தில் நம் கணுக்காலில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புகார் கொடுத்த மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கு நேற்று முளைத்ததும் இல்லை. 1966-லேயே இத்தாலியில் ரேடியோவில் ஓடும் ஃபெராரி மாடல் கார் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 காரை விட்டது, 1984-ல் கிராஸ்ஹாப்பர் என்ற மண்தரை வண்டியை விட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட மண்தரை மின்சார வண்டிகளுக்கு உலகப் போட்டி நடந்தது. சோழவரத்தில் வெயிலில் நின்று நிஜக் கார் பந்தயம் பார்த்த நம் வயதுக்காரர்களுக்கு அந்த உற்சாகம் புரியும்.

அப்படியானால் இப்போது ஏன் இவ்வளவு பேர் வாங்குகிறார்கள்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் கிரிஸ்டல் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு. இரண்டு பேரிடம் ஒரே அலைவரிசைக் கிரிஸ்டல் இருந்தால், ஒருவர் திருப்ப இன்னொருவர் வண்டி சுவரில் மோதும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அந்தத் தொல்லை இல்லை, பத்து வண்டிகள் ஒன்றாக ஓடலாம். லித்தியம் பேட்டரி வந்து வேகம் கூடியது. சீனாவிலிருந்து குறைந்த விலையில் நல்ல வண்டிகள் வந்தன. பழுது பார்ப்பதை யூடியூப் சொல்லிக் கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பந்தயத்தின் ஒரு வழக்கம். மின்சார வண்டிப் பந்தயம் ஒரு சுற்று பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான். ஓட்டுகிறவர்கள் மேடையில் நிற்பார்கள். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் யார் ஓடிப்போய் நிமிர்த்துவது? சற்றுமுன் ஓட்டி முடித்தவர்கள்தான். அவர்கள் வளைவுக்கு ஒருவராக நின்று அடுத்தவர் வண்டியைத் தூக்கிவிட வேண்டும். மார்ஷல் வேலை என்பார்கள். அதைச் செய்யாமல் நழுவினால் பல கிளப்புகளில் உங்கள் பந்தயக் கணக்கிலேயே கை வைப்பார்கள். மெயின்டனன்ஸ் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கத் திண்டாடும் நம் செயலாளர் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பி.காம் படித்தவன் செலவைப் பேசாமல் விடுவேனா? வண்டி மூலதனச் செலவு, ஒரு முறையோடு போகும். டயர், சஸ்பென்ஷன் ஆர்ம், கியர், பேட்டரி எல்லாம் வருவாய்ச் செலவு, வந்துகொண்டே இருக்கும். வாங்கும் முன் உதிரி பாகம் இங்கே கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் துண்டு கிடைக்காமல் முழு வண்டியும் முடங்கிவிடக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தீர்மானம் வண்டி ஓடுவதைத் தடுக்கிறது. பேட்டரி சார்ஜ் ஆவதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. எனக்குப் பயம் அங்கேதான். லைப்போ எனப்படும் இந்த பேட்டரியில் ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட். அதைத் தாண்டிச் சார்ஜ் ஏறினாலோ, அடிபட்டாலோ, உப்பிப்போனாலோ தீப்பிடிக்கலாம். பிடித்தால் அணைப்பது கஷ்டம், அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். இதைப் படுக்கையறையில், மெத்தைமேல், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வளாகத்தில் ஓட்டத் தடை போட்டால் வண்டி வெளியே தெருவுக்குப் போகும், பேட்டரி வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

ஆகவே தீர்மானத்தைத் திருத்தச் சொல்கிறேன். பேஸ்மென்ட்டில் ஓட்டுவது கூடாது, தூணுக்குப் பின்னாலிருந்து யார் வருவார்கள் என்று தெரியாது. பின்பக்க விசிட்டர் பார்க்கிங்கில் ஞாயிறு காலை 7 முதல் 8 வரை, கயிறு கட்டி, இரண்டு பேர் மார்ஷலாக நின்றால் மட்டும் ஓட்டலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

சார்ஜிங் விதி எல்லா வீட்டுக்கும். செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். டைல்ஸ் தரைமேல், துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல், விழித்திருக்கிற பெரியவர் கண்முன்னால் சார்ஜ் செய்ய வேண்டும். பொதுப் பிளக் பாயின்ட்டில் செருகக் கூடாது. பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள், அதற்குச் சார்ஜரிலேயே ஸ்டோரேஜ் என்று ஒரு வசதி இருக்கும். உப்பிய பேட்டரியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அதைக் கையால் பிரிப்பவர் நம் துப்புரவுப் பணியாளர், லாரியில் நசுங்கினாலும் தீதான். மின்கழிவு எடுப்பவரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

திருத்தத்தின் நகல் செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் பிளாட் எண் போட்டுக் கையெழுத்திடுங்கள். எதிர்ப்பவர்களுக்கும் பக்கத்திலேயே ஒரு தாள் வைத்திருக்கிறேன், காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.