செயலிழந்த சிறுநீரகமும் சிறுதுளை அறுவையும்



நமது மஹல்லாவைச் சார்ந்த சகோதரர் ஒருவர் முன்பொருமுறை நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். கல் ஒன்று சிறுநீர்க்குழாயை நெடுநாள் அடைத்திருந்ததால், அவரது இடப்பக்கச் சிறுநீரகம் வீங்கிப் பழுதாகிவிட்டது. ஸ்கேன் பரிசோதனையில், மொத்தப் பணியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது செய்யவில்லை எனத் தெரிந்தது. சிறுதுளை அறுவை மூலம் அகற்றிவிடலாம் என்றனர் மருத்துவர்கள். "ரமளான் கழியட்டுமே" என்று நாம் கூறினோம். அறியாமல் கூறிய அச்சொல்லை இன்று உங்கள் முன் திருத்திக் கொள்கிறோம்.

செயலிழந்த உறுப்பு சும்மா கிடக்கும் என்றெண்ணுவது பிழை. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகலாம்; சிலருக்கு இரத்த அழுத்தமும் உயரலாம். அச்சகோதரருக்குச் சீழ் பிடித்துக் கடுங்காய்ச்சல் கண்டது. முதலில் குழாய் பொருத்திச் சீழை வடித்து, சில வாரங்கள் கழித்தே அறுவை நடந்தது.

இம்முறையில் சிறுநீரகத்தை முதன்முதலில் அகற்றியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ரால்ஃப் கிளேமன், ஆண்டு 1990. வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி, மூன்று நான்கு சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்கின்றனர். விலாவை நீளக் கீறும் பழைய முறையைவிட வலியும் இரத்தச் சேதமும் குறைவு. பெரும்பாலோர் சில நாட்களிலேயே வீடு திரும்புகின்றனர். ஆயினும் காசநோயாலோ சீழாலோ உறுப்புகள் ஒட்டிப் போயிருந்தால், பாதியில் திறந்த அறுவைக்கு மாற நேரிடும். நம் சகோதரருக்கும் அவ்வாறே ஆயிற்று. அது மருத்துவரின் தோல்வியன்று. உயிரைக் காக்க எடுக்கும் முடிவு. எனவே ஒப்புதல் தரும்போதே இதனைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

"ஒன்றை எடுத்துவிட்டால் பாதி ஆயுள்தானே?" என்று அஞ்ச வேண்டாம். மற்றது நலமாயிருப்பின் அது ஒன்றே போதுமானது. ஆனால் அது அமானிதம். இரத்த அழுத்தம், இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை மருத்துவர் கூறும் காலத்தில் பரிசோதியுங்கள். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்காதீர்கள்.

அறுவைக்குப் பின் குனிய இயலாதவர் அமர்ந்து தொழலாம். நோயால் விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம். மார்க்கம் தந்த இச்சலுகைகள் இருக்க, வணக்கத்தைக் காரணங்காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அச்சகோதரர் இன்று நலமுடன் முதல் வரிசையில் தொழுகிறார். எல்லாப் புகழும் இறைவனுக்கே.