கமக்காரரின் குறிப்புக் கொப்பி

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நல்ல விதை, உரிய பசளை, காலத்தில் நீர் ஆகியவற்றைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கின்றோம். இவையனைத்தையும் காலந்தவறாமற் பயன்படுத்த உதவும் மலிவான கருவியொன்றைப் பற்றி இன்று கூற விரும்புகின்றேன். அஃது ஓர் அப்பியாசக் கொப்பியும் ஒரு பென்சிலுமேயாகும்.

“எங்கள் வயலை நாங்கள் அறியமாட்டோமா? எழுதி வைத்தா கமஞ் செய்வது?” என்று சிலர் கேட்பர். வயலை நீங்கள் நன்கறிவீர்கள்; அதில் ஐயமில்லை. ஆயின் நாளை மறப்பது எவர்க்கும் இயல்பு. சென்ற போகத்தில் இரண்டாம் முறை யூரியா இட்டது எந்நாள் என்று வினவினால், “கோயிற் கொடியேற்றத்துக்கு முன்” என்றோ, “அந்தப் பெருமழைக்குப் பின்” என்றோதான் விடை வரும். நெற்பயிரோ நாட்கணக்கின்படி வளர்கின்றது.

இக்குறை உங்களிடத்து மட்டும் உள்ளதன்று. நான் போதனாசிரியராகப் பணி தொடங்கிய காலத்தில் ஒரு கமக்காரர் என்னை வழியில் மறித்து, தம் வயலில் நெற்பயிரின் அடித்தண்டிற் கபிலநிறத் தத்திகள் காணப்படுவதாகவும், வந்து பார்க்கவேண்டும் என்றும் கூறினார். நான் அதனைப் பஸ் சீட்டொன்றின் பின்புறத்தில் எழுதிச் சட்டைப்பையில் இட்டேன். சட்டை சலவைக்குப் போயிற்று. செய்தியும் அதனோடு போயிற்று. பத்து நாட்களின் பின் அவ்வழியே சென்றபோது, பயிர் தீய்ந்ததுபோல் வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஐயா மறந்து போனீர்கள்” என்று மட்டும் சொன்னார். அன்று தொட்டு நான் துண்டுக் கடதாசியில் எதனையும் எழுதுவதில்லை.

ஆதலின் முதலாவது விதி யாதெனில், குறிப்புகள் யாவும் ஒரே கொப்பியில் இருத்தல் வேண்டும். நாட்காட்டியில் ஒன்று, சுவரில் ஒன்று, பசளைப் பையில் ஒன்று என எழுதுதல் எழுதாமைக்குச் சமம். கைத்தொலைபேசியிற் குறிப்பவர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இரண்டாவதாக, கொப்பியின் முன்புறத்திலிருந்து நடந்தவற்றையும், பின்புறத்திலிருந்து செய்யவேண்டியவற்றையும் எழுதுக. இரண்டையும் கலந்தெழுதினால் ஒன்றையும் தேடி எடுக்க முடியாது.

முன்புறத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு தோட்டத்துண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குக. விதைத்த நாள், இனம், விதையின் அளவு, இட்ட பசளை, கண்ட பீடை, நீர் பாய்ச்சிய நாள், கூலி, விளைச்சல் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்தல் போதும். உதாரணமாக, “நவம்பர் 5. மேட்டு வயல். பீ.ஜீ. 300 விதைத்தோம்” என்பது ஒரு வரியே. இவ்வினத்தின் வயது ஏறத்தாழ மூன்று மாதம். நெல் பூத்து ஏறத்தாழ 30 நாட்களில் முற்றும். எனவே ஜனவரி முதல் வாரத்திற் பூக்கும் பருவமும், பெப்ரவரி முதல் வாரத்தில் அறுவடையும் வருமென முன்னரே கணிக்கலாம். பூக்கும் வேளையில் நீர் குறையாமற் காப்பதற்கும், அறுவடை இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதற்கும் அவ்வொரு வரி உதவும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு இக்கொப்பி இன்னும் இன்றியமையாதது. பீடைநாசினி தெளித்தால் அதன் பெயர், அளவு, தெளித்த நாள் என்பவற்றைக் கைகழுவிய பின் உடனே எழுதுக. தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது போத்தலின் சுட்டுத்துண்டிற் கூறப்பட்டிருக்கும். அந்நாளையும் கணக்கிட்டு எழுதுக. அதற்கு முன் பறித்த கத்தரிக்காயை உண்பவர் அயலாரின் பிள்ளையாகவும் இருக்கலாம். உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

எத்துண்டில் எப்பயிர் நின்றது என்பதையும் குறித்து வைக்க. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பத்தவை. பற்றீரியா வாடல் நோய் இவற்றைத் தாக்கும். அக்கிருமி மண்ணில் நெடுங்காலம் தங்கவும் வல்லது. வாடல் கண்ட துண்டு எதுவென்பது மறந்தால், அதே இடத்தில் மீண்டும் இவற்றுள் ஒன்றை நட்டு நட்டமடைய நேரும்.

இனிச் செய்யவேண்டியவற்றின் பட்டியலைக் கவனிப்போம். “பசளை” என்று மட்டும் எழுதினால், அஃது ஒரு சொல்லேயன்றி வேலையாகாது. “புதன்கிழமை: கமநல சேவை நிலையத்திற்குச் சென்று யூரியா எப்போது கிடைக்குமென விசாரித்தல். மூத்த மகன்” என்று எழுதுக. வேலை, நாள், ஆள் ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். வரப்புக் கட்டுதல், தெளிகருவி திருத்துதல் போன்ற நாட்குறிப்பில்லாத வேலைகளைத் தனியே எழுதி வைத்தால், வயலில் இறங்க முடியாத நாளில் எதைச் செய்யலாமெனத் திகைக்க வேண்டியதில்லை.

ஒரு நாளுக்குப் பத்து வேலைகளை எழுதி இரண்டைச் செய்து மனஞ்சோர்வதிலும், மூன்றை எழுதி மூன்றையும் முடித்தல் நன்று. முடிந்ததைக் கோடிட்டு வெட்டுக. முடியாததை மறுநாளுக்கு மாற்றி எழுதுக. ஒரே வேலை நான்கு முறை மாற்றி எழுதப்படின், அதற்குக் காரணம் பணமா, ஆளா, நம் சோம்பலா என்று ஆராய்ந்து பார்க்க.

வாரத்தில் ஒருநாள் மாலை, வீட்டார் யாவரும் கூடியிருக்கும் வேளையில் கொப்பியை வாசித்துப் பார்க்க வேண்டும். எழுத இயலாதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். குடும்பத் தலைவர் நோயுற்றுப் படுத்தாலும், மனைவியாரோ மகனோ கொப்பியைப் பார்த்து வேலையைத் தொடரலாம். ஒருவர் நினைவில் மட்டுமுள்ள கமம் அவரோடு படுத்துவிடும்.

போக முடிவிற் செலவையும் வரவையும் கூட்டிப் பார்க்க. எவ்வினம் கைகொடுத்தது, எத்துண்டு கடன் வைத்தது என்பது அப்போது தெளிவாகும். வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழிந்து காப்புறுதி கோர நேரிட்டால், விதைத்த நாளையும் நிலப்பரப்பையும் தயங்காமற் கூறவும் இக்கொப்பி துணைசெய்யும்.

கமக்காரப் பெருமக்களே! அடுத்த போகம் வரட்டும் என்று காத்திராதீர்கள். இன்று வீடு திரும்பும் வழியில் ஒரு கொப்பி வாங்குக. இன்றைய திகதியை இட்டு, இன்று வயலிற் கண்டதை ஒரு வரியில் எழுதுக. நாளை செய்யவேண்டியதைப் பின்பக்கத்தில் எழுதுக.